மஜெங்கோ பெண்களுக்கு எச்.ஐ.வி. ஏன் தொற்றவில்லை? அந்த ஆராய்ச்சி என்ன ஆச்சு?

கருவேலங்காட்டான் (இழை தொடங்கியவர்)

தொண்ணூறுகளின் கடைசியில் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் துணுக்குச் செய்தி. நைரோபியில் ஒரு சேரி, அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்களில் சிலருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் எச்.ஐ.வி. தொற்றவே இல்லை, ஒரு கனடா டாக்டர் அவர்கள் ரத்தத்தை ஆராய்கிறார், சீக்கிரமே தடுப்பூசி வந்துவிடும் என்று. அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். போன வாரம் வீடு மாற்றும்போது அந்த நோட்டு கையில் சிக்கியது.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, தடுப்பூசியைக் காணோம். அந்த டாக்டர் பெயர் ஃபிராங்க் பிளம்மர் என்று தேடிக் கண்டுபிடித்தேன், 2020இல் இறந்துவிட்டாராம். அந்தப் பெண்கள் விஷயம் உண்மையா, இல்லை பத்திரிகைக் கதையா? நான் இப்போது இன்சூரன்ஸ் வேலையில் இருக்கிறேன், படித்ததெல்லாம் மறந்து போச்சு. கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கி

உண்மைதான் நண்பரே. நான் நுண்ணுயிரியல் வாத்தியார், இந்தப் பேப்பர்களை வகுப்பில் வருஷா வருஷம் எடுக்கிறேன். கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்கினால்தான் புரியும்.

எச்.ஐ.வி.க்காக யாரும் நைரோபி போகவில்லை. 1980இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்து ஆலன் ரொனால்டு அங்கே போனது சாங்கராய்டு என்கிற பிறப்புறுப்புப் புண்ணை ஆராய. நைரோபி பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறைக்கும் மானிடோபாவுக்கும் கூட்டு ஏற்பட்டது. ரொனால்டிடம் பயிற்சி பெற்ற இளைஞர்தான் பிளம்மர். 1984இல் குடும்பத்தோடு நைரோபிக்கே குடியேறி 17 வருஷம் இருந்தார். பும்வானி பகுதியில் உள்ள மஜெங்கோ சேரியில் பாலியல் தொழிலாளர்களுக்காக ஒரு சிறிய கிளினிக். கொனோரியா, புண் இதற்கெல்லாம் சிகிச்சை கொடுத்துக்கொண்டே ஆய்வு.

எச்.ஐ.வி.க்கு ரத்தப் பரிசோதனை வந்ததும், சும்மா பார்ப்போமே என்று இந்தப் பெண்களின் ரத்தத்தையும் பார்த்தார்கள். 1986 பிப்ரவரியில் ஜோன் கிரைஸ் முதல் ஆசிரியராக வந்த கட்டுரை, பிளம்மரும் அதில் உண்டு. வறிய நிலையில் தொழில் செய்த பெண்களில் 66 சதவீதம் பேருக்குத் தொற்று. ஓரளவு வசதியான இடங்களில் தொழில் செய்தவர்களில் 31 சதவீதம். பால்வினை நோய் கிளினிக்குக்கு வந்த ஆண்களில் 8 சதவீதம். மருத்துவப் பணியாளர்களில் 2 சதவீதம்.

அன்றைக்கு அமெரிக்காவில் இதை ஓரினச்சேர்க்கை ஆண்களின் நோய், ஊசி போதைக்காரர்களின் நோய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண் பெண் உறவில் பெரிய அளவில் பரவும் என்பதையே பலர் நம்பவில்லை. அந்த 66 அவர்கள் வாயை அடைத்தது.

மூன்றில் இரண்டு பேருக்குத் தொற்று என்றால் எவரும் அந்த இரண்டு பங்கைத்தான் பார்ப்பார்கள். பிளம்மர் கூட்டம் மீதி ஒரு பங்கையும் விடாமல் பின்தொடர்ந்தது. வருஷத்துக்கு இருமுறை பரிசோதனை. பெரும்பாலோர் ஒவ்வொருவராகத் தொற்றுக்கு ஆளானார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று நெகட்டிவாகவே வந்துகொண்டிருந்தது. உங்கள் நோட்டில் இருப்பது இவர்கள் கதைதான்.

---

சந்தேகசாமி

வாத்தியாரே, ஒரு சந்தேகம். ஆயிரம் பேர் காசு சுண்டினால் யாராவது ஒருவருக்குப் பத்து தடவையும் தலையே விழும். அவருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இந்தப் பெண்களும் அதிர்ஷ்டசாலிகளாக இருக்கலாமே? இல்லை, ரகசியமாக ஆணுறை போட்டிருக்கலாம், வாடிக்கையாளர் குறைவாக இருந்திருக்கலாம்.

---

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, அவர்களும் இதையேதான் முதலில் கேட்டார்கள். 1996இல் கீத் ஃபவுக் முதல் ஆசிரியராக லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை முழுக்க இந்தக் கேள்விக்கான பதில். 1985 முதல் 1994 வரை நெகட்டிவாகச் சேர்ந்தவர்கள் 424 பேர், அதில் 239 பேருக்குப் பிறகு தொற்று வந்தது.

வெறும் அதிர்ஷ்டம் என்றால் ஒருவருக்கு இந்த வருஷம் என்ன ஆபத்தோ அதேதான் அடுத்த வருஷமும். பத்து தடவை தலை விழுந்த காசுக்கும் பதினொன்றாவது தடவை பாதிக்குப் பாதிதான். இங்கே அப்படி நடக்கவில்லை. எவ்வளவு காலம் நெகட்டிவாகத் தாக்குப் பிடித்தார்களோ அந்த அளவுக்கு அதன்பிறகு தொற்றும் வாய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆணுறைப் பழக்கம், வாடிக்கையாளர் எண்ணிக்கை, மற்ற பால்வினை நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அது மாறவில்லை. அதாவது கூட்டத்தில் இரண்டு விதமான ஆட்கள் கலந்திருக்கிறார்கள், வருஷம் போகப்போக எளிதில் தொற்றுபவர்கள் கழிந்துபோய், தொற்றாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து நெல் தங்குவதைப் போல. (உவமை என்னுடையது. பாலியல் தொழிலாளரைப் பதர் என்கிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள்.)

ஐரோப்பியரில் சிலருக்கு சிசிஆர்5 மரபணு உடைந்திருப்பதால் வைரஸ் உள்ளே நுழையக் கதவே இருக்காது. மஜெங்கோ பெண்களிடம் அந்த உடைசல் இல்லை. அவர்கள் செல்களை எடுத்து ஆய்வகத்தில் வைரஸோடு சேர்த்தால் அவை நன்றாகவே தொற்றின. கதவு திறந்துதான் இருக்கிறது, வீட்டுக்குள் யாரோ காவல் இருக்கிறார்கள்.

---

வின்னிபெக் வாசி

நான் வின்னிபெக்கில, அதான் அந்த மானிடோபா பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில, 22 வருசமா இருக்கிறன். நுண்ணோக்கி அண்ணா சொன்னதில ஒரு விசயம் சேர்க்கலாம். கனடாக்காரர் ஏன் சாங்கராய்டைத் தேடி ஆபிரிக்கா போனவை எண்டு கனபேர் கேட்கிறவை. எழுபதுகளில இந்த ஊரிலயே அந்தப் புண் வருத்தம் பரவினது. மறைஞ்சு போச்சு எண்டு நினைச்ச வருத்தம், மைனஸ் முப்பது குளிர் அடிக்கிற ஊரில. அதைப் பிடிச்சு ஆராய்ஞ்சவர்தான் ரொனால்டு. ஊர்ச் சண்டையைத் தீர்க்கப் போய் உலகச் சண்டையில மாட்டின கதை.

பிளம்மர் பிறந்ததும் இங்கதான், 1952இல. பிறகு ஆர்லிங்டன் தெருவில இருக்கிற தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு 2000இல இருந்து 2014 வரை தலைவர். சார்ஸ், எச்1என்1, எல்லாம் அவர் காலத்தில. எபோலாத் தடுப்பூசி ஒண்டின்ர தொடக்கமும் அந்தக் கட்டடத்துக்குள்ளதான். அந்தத் தெருவால பஸ்ஸில போகேக்க எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

---

களப்பணி அக்கா

டாக்டர்கள் பெயராகவே வருகிறது, அதனால் எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டில் 14 வருஷம் பாலியல் தொழிலாளர்கள் மத்தியில் களப்பணி செய்தவள், இப்போது ஓய்வு.

எங்களுக்குப் பயிற்சியில் நைரோபி பற்றிச் சொன்னபோது முதலில் வந்த பெயர் எலிசபெத் நுகுகி. கென்ய நர்ஸ், பிறகு பேராசிரியர். மஜெங்கோ பெண்களை "பராசா" என்று கூட்டம் கூட்டியவர் அவர்தான். பராசா என்றால் சுவாஹிலியில் ஊர்க்கூட்டம். நம்ம ஊர் ஆலமரத்தடி மாதிரி. பெண்களே தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஆணுறை இல்லாமல் யாரும் ஆளை ஏற்க வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் "வேண்டாம்" என்றால் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். சந்தில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து சொன்னால் எங்கே போவான்? எங்கள் ஊரிலும் எங்களுக்குப் பலித்த ஒரே வழி இதுதான். நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்ததெல்லாம் சுண்டல் மடிக்கத்தான் உதவியது.

அந்தப் பெண்களிடம் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்களே, அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? இது எனக்குப் புண்ணான இடம். நான் வேலை பார்த்தபோது ஒரு ஆய்வுக் குழு வந்து இருநூறு பேரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. ரிசல்ட் வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. ஆறு மாசம் கழித்து ஒரு பெண் என்னைப் பார்த்து, "எங்க ரத்தத்தை என்ன பண்ணுனீங்க, பொரியல் வச்சீங்களா?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

---

நுண்ணோக்கி

அக்கா, நுகுகியை நான் விட்டது தப்புதான். அவர்கள் செய்ததை எண்ணிக்கையாகவும் சொல்லிவிடுகிறேன். 1991இல் மானிடோபா குழுவின் ஸ்டீஃபன் மோசஸ், பிளம்மர், நுகுகி எல்லாரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். திட்டத்தில் சுமார் ஆயிரம் பெண்கள், அதில் 80 சதவீதம் பேருக்குத் தொற்று, ஆளுக்குத் தினமும் சராசரி நான்கு வாடிக்கையாளர், ஆணுறை 80 சதவீதம். இதனால் வருஷத்துக்கு 6,000 முதல் 10,000 வரை புதிய தொற்றுகள் தவிர்க்கப்படும் என்று வந்தது. ஒரு தொற்றைத் தடுக்க ஆன செலவு 8 முதல் 12 டாலர். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தே இல்லாத காலம் அது.

பெண்களுக்குக் கிடைத்தது: இலவச கிளினிக், புண்ணுக்கும் கொனோரியாவுக்கும் சிகிச்சை, தங்கள் நிலை என்ன என்ற தகவல். எச்.ஐ.வி. மருந்து மட்டும் வெகு காலம் இல்லை. 2003க்குப் பிறகு அமெரிக்க அரசின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபாரின் நிதி வந்துதான் அது அங்கே பரவலானது. அதற்குள் முதல் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இது "பின்தொடர்தல் முடிந்தது" என்று ஒரு வரியாக வரும்.

---

சந்தேகசாமி

வீட்டுக்குள் காவல் என்றீர்களே, அது யார் என்று இன்னும் சொல்லவில்லை. கருவேலங்காட்டான் கேட்ட தடுப்பூசி எங்கே?

---

நுண்ணோக்கி

காவல்காரர் சிடி8 டி செல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தொற்றிய செல்லைக் கண்டால் கொல்லும் செல் அது. ஆக்ஸ்ஃபோர்டின் சாரா ரோலண்ட்-ஜோன்ஸ் குழு நைரோபிக்காரர்களோடு சேர்ந்து 1998இல் காட்டியது இதுதான்: தொற்றே இல்லாத இந்தப் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி.யை அடையாளம் தெரிந்த சிடி8 செல்கள் இருக்கின்றன. திருடன் வந்து போன தடயம், பொருள் ஒன்றும் போகவில்லை. அதை வைத்து ஆக்ஸ்ஃபோர்டும் நைரோபியும் ஒரு தடுப்பூசி செய்து 2001இல் நைரோபியிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். காப்புரிமையில் கென்ய ஆய்வாளர்கள் பெயர் இல்லை என்று அதற்குள் ஒரு சண்டை வேறு. கடைசியில் அந்த ஊசி எழுப்பிய எதிர்ப்பு மிகப் பலவீனம், 2004 வாக்கில் கைவிட்டார்கள். உங்கள் பத்திரிகைத் துணுக்கு அதோடு முடிந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2001இல் ரூபர்ட் கௌல், பிளம்மர் குழு வெளியிட்டது. வருஷக்கணக்கில் தொற்றாமல் இருந்த பெண்களில் சிலருக்குத் திடீரென்று தொற்று வந்தது. என்ன மாறியது என்று பார்த்தால், அதற்கு முன் அவர்கள் தொழிலைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது சில மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். வைரஸைத் தினம் தினம் சந்தித்தவரை காவல் விழித்திருந்தது, சந்திப்பு நின்றதும் தூங்கிப்போனது என்பது அவர்கள் ஊகம்.

---

சந்தேகசாமி

நிறுத்துங்கள். அப்படியானால் இடைவிடாமல் தொழில் செய், ஆணுறை போடாதே, அதுதான் பாதுகாப்பு என்றா ஆகிறது? இதைக் கேட்டு நாளைக்கு எவனாவது வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவான்.

---

நுண்ணோக்கி

கிளப்பக்கூடாது என்றுதான் நீட்டி எழுதுகிறேன். 424 பேரில் 239 பேருக்குத் தொற்றியது என்று மேலே சொன்னேன். அந்த "பாதுகாப்பை" நம்பி இறங்கினால் பாதிக்கு மேல் அவுட்.

ஆனால் உங்கள் கேள்வி பிளம்மர் வேலையின் நடுநரம்பைத் தொடுகிறது. அவர் கையில் இரண்டு வேலை. ஒன்று, இந்தப் பெண்களுக்கு ஏன் தொற்றவில்லை என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவர்கள் வைரஸைச் சந்தித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, அவர்கள் வைரஸைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது. நுகுகியின் பராசா ஜெயிக்க ஜெயிக்க, நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்கான தரவு வற்றிப்போகும். ஆணுறைப் பழக்கம் ஏறிய பிறகு கிளினிக்கில் சேர்ந்த புதிய பெண் நெகட்டிவாக இருந்தால், அவள் உடம்பு காரணமா ஆணுறை காரணமா என்று பிரிப்பதே கஷ்டமாகிவிட்டது. தன் ஆராய்ச்சியின் அடிக்கல்லைத் தானே பெயர்க்கிறோம் என்று தெரிந்தே அந்தக் குழு தினமும் ஆணுறை விநியோகித்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆளைச் சொல்வது இதற்காகத்தான், தடுப்பூசிக்காக அல்ல.

---

களப்பணி அக்கா

இது எனக்குத் தெரியாது வாத்தியார். கொஞ்சம் கோபம் தணிந்தது. முழுக்க இல்லை.

---

பச்சைமலை

சுன்னத் செய்தால் எச்.ஐ.வி. வராது என்று சொன்னதும் இதே பிளம்மர்தானே? அதெல்லாம் மத வியாபாரம்.

---

நுண்ணோக்கி

"வராது" என்று யாரும் சொல்லவில்லை. 1989இல் பில் கேமரன், பிளம்மர் குழு நைரோபி பால்வினை நோய் கிளினிக்கில் 293 ஆண்களைப் பின்தொடர்ந்தது. பெரும்பாலோர் பாலியல் தொழிலாளரிடம் போய் நோய் வாங்கியவர்கள். முன்தோல் நீக்காதவர்களுக்குத் தொற்றும் ஆபத்து 8.2 மடங்கு, பிறப்புறுப்பில் புண் இருந்தவர்களுக்கு 4.7 மடங்கு. பாருங்கள், ரொனால்டு தேடிப்போன அந்தப் பழைய புண் இங்கே திரும்பி வருகிறது. புண் வழியாக வைரஸ் சுலபமாக நுழைகிறது. பத்து ரூபாய் ஆன்டிபயாடிக்கில் ஆறும் புண்.

நீங்கள் சொன்ன ஆட்சேபணையை அன்றைக்கே எழுப்பினார்கள். கென்யாவில் லுவோ இனத்தவர் சுன்னத் செய்வதில்லை, கிக்குயூ செய்வார்கள், இரண்டு இனத்தின் வாழ்க்கை முறையே வேறு, அதுதான் காரணமாக இருக்கும் என்று. அதைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வு வேண்டியிருந்தது. லுவோக்கள் வாழும் கிசுமுவில் 2,784 இளைஞர்கள், பாதிப் பேருக்கு அறுவை. ராபர்ட் பெய்லியும் இதே மானிடோபா மோசஸும் நடத்தியது. 2006 டிசம்பரில் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள், தொற்று பாதிக்கு மேல் குறைந்திருந்ததால். 1989இல் சொன்னது ருசுவாக 17 வருஷம். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இனம், ஒரே ஊர். மதம் எங்கே வந்தது?

---

பச்சைமலை

சரி, பாதிதான் குறைகிறது. மீதி?

---

நுண்ணோக்கி

மீதிக்கு ஆணுறை. அக்கா சொன்ன சந்து ஒற்றுமை.

---

கருவேலங்காட்டான்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கட்டுரை 1986 பிப்ரவரி என்றீர்கள். அதே வருஷம்தானே சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றைக் கண்டுபிடித்தது?

---

களப்பணி அக்கா

ஆமாம் தம்பி, ரத்தத்தை ரயிலில் எடுத்துக்கொண்டு வேலூர் போய்ப் பரிசோதித்தார்கள். ஆனால் இங்கே ரத்தம் கொடுத்த பாலியல் தொழிலாளர்கள் இருந்தது காப்பகத்தில், பூட்டுக்குள். பாசிட்டிவ் என்று தெரிந்த சிலரைக் காலம் முடிந்தும் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய்த்தான் 1990இல் வெளியே வந்தார்கள். மஜெங்கோவில் பெண்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், கிளினிக்குக்குத் தாங்களாக நடந்து வந்தார்கள். பராசா அங்கே நடந்ததற்கும் இங்கே அப்போது நடக்காததற்கும் அது ஒரு காரணம்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பிறகு வந்த பெரிய தடுப்புத் திட்டத்தில் மானிடோபாக்காரர்கள் இருந்தார்கள். மோசஸ் அதில் முக்கியமானவர். நைரோபியில் கற்றது அந்த வழியாகவும் நம்ம பக்கம் வந்து சேர்ந்தது.

---

வின்னிபெக் வாசி

பிளம்மர் எப்பிடிச் செத்தவர் எண்டும் சொல்லிவிடுறன், ஏனெண்டால் அவரே ஒளிக்காமல் பேசின விசயம். கனகாலம் கடுமையான குடி. கல்லீரல் மாத்தி வைச்சும் விட முடியேல்லை. 2018 டிசம்பரில டொராண்டோவில மூளைக்குள்ள மின்முனை வைச்சு அறுவை செய்தவை. குடிநோய்க்கு இப்பிடிச் செய்து பாக்கிற பரிசோதனையில வட அமெரிக்காவிலயே முதல் ஆள். ஆயிரக்கணக்கான ஆக்களை ஆய்வில சேர்த்தவர், கடைசியில தானே ஒரு ஆய்வுக்குள்ள போய்ப் படுத்தவர். பிறகு நல்லா இருக்கிறன் எண்டு பேட்டி குடுத்தவர்.

2020 பெப்ரவரி 4, நைரோபியில செத்தவர். மானிடோபா-நைரோபிக் கூட்டு தொடங்கி 40 வருசம் எண்டு கூட்டம் வைச்சவை, அதுக்குப் போன இடத்தில. வயது 67.

---

சந்தேகசாமி

குடி விஷயம் படித்ததும் கொஞ்சம் அமைதியாகிவிட்டேன். கடைசிக் கேள்வி வாத்தியாரே. அந்தக் காவல் மர்மம் இன்னும் தீரவில்லையா?

---

நுண்ணோக்கி

பாதி. சிடி8 செல்லைத் தட்டி எழுப்பினால் போதும் என்று நம்பி, மெர்க் கம்பெனி செய்த வேறொரு தடுப்பூசி 2007இல் தோற்றது. ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்குத் தொற்று கூடவே செய்தது. அதன் பிறகு ஃபவுக் குழு மஜெங்கோ பெண்களை மறுபடி பார்த்து வேறு ஒன்று சொன்னது. எச்.ஐ.வி. பிடித்துக்கொள்வது விழித்துப் பரபரப்பாக இருக்கும் சிடி4 செல்லை, அதாவது மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் டி செல்லை. தொற்றாத பெண்களிடம் அந்தச் செல்கள் வழக்கத்தைவிடச் சாந்தமாக இருக்கின்றன. வீட்டில் காவல் மட்டும் இல்லை, திருடனுக்கு எடுக்கப் பொருளும் குறைவு. இதை வைத்து நைரோபியில் ஆஸ்பிரின் சிறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது, பிறப்புறுப்புப் பாதையில் அப்படிப்பட்ட செல்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. தொற்றைத் தடுக்குமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை, ஆகவே யாரும் டிஸ்ப்ரின் வாங்கி வைக்க வேண்டாம்.

தடுப்பு வேறு வழியில் வந்துவிட்டது. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, லெனகாபவிர். தடுப்பூசி இல்லை, மருந்து. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்கள் 2,134 பேருக்குப் போட்டார்கள், முடிவு 2024இல் வந்தது. தொற்று: பூஜ்யம்.

---

களப்பணி அக்கா

விலை என்ன வாத்தியார்?

---

நுண்ணோக்கி

அமெரிக்காவில் பட்டியல் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஜெனரிக் வந்தால் 40 டாலர் என்று இந்தியக் கம்பெனிகள் சொல்கின்றன.

---

களப்பணி அக்கா

நாற்பது டாலர். மஜெங்கோவில் எட்டு டாலருக்கு ஒரு தொற்றைத் தடுத்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஆணுறைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அங்கே யாராவது சொல்வார்களா?